சில்லறை பாக்கி

முந்நூறு துண்டு வேண்டும் என்றார் ஜெசிந்தா.
கோழி ஈரல், உப்பில்லாமல் வேகவைத்தது,
சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு.
சனிக்கிழமை கடைசி ட்ரிப் முடித்து
காக்கிச் சட்டையைக் கழற்றாமலே அரிகிறேன்.
தவமணி ஜன்னல்களைத் திறந்துவிட்டு
மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.
"எனக்கு ஒருநாள் இப்படிப் பொடியா
வெங்காயம் அரிஞ்சு குடுத்திருக்கியா?"
படியிலிருந்து குரல் மட்டும் இறங்கி வந்தது.

பதினொண்ணு என் காலடியில்.
மலைப்பாதையின் பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
மழைத்தண்ணி ஓடும் ஓரத்தில் கிடந்ததால் அந்தப் பேர்.
வண்டியை நிறுத்தியது டிரைவர் சின்னப்பையன்.
இறங்கியது நான்.
மீதி ஒன்பது வளைவையும்
என் டிக்கெட் பைக்குள் தூங்கியபடியே ஏறியது.
இப்போது மூன்று வயது.
இன்னொரு நாய் கண்ணில் பட்டால் போதும்,
கயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
செருப்பு சாக்கடைக்குள்.

மூன்று வாரம் முன்பு, நாய் இல்லாமல் வரச்சொல்லி
எங்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு,
கோரிமேட்டுக்குப் பின்னால் காலி மைதானத்தில்.
"ஒரு தடவைதான் சொல்லணும்.
சொல்லிட்டுக் காத்திருங்க."
நானா?
உள்ளே போ, உள்ளே போ, இன்னும் உள்ளே போ,
படியில் நிக்காதே, ஏம்ப்பா, படியில் நிக்காதே என்று
இருபத்திரண்டு வருஷம்
ஒன்றை ஒன்பதாகச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவன்.

அப்புறம் சொன்னார்:
"உட்கார்ந்த அந்த நொடியிலேயே குடுங்க.
எழுந்தப்புறம் குடுத்தா
அது எழுந்ததுக்குக் குடுத்த கூலி."
எனக்கு மட்டும் சுருக்கென்றது.
எத்தனை டிக்கெட்டின் முதுகில்
பேனாவால் கிறுக்கியிருப்பேன், நாலு ரூபாய், ஏழு ரூபாய்,
இறங்கும்போது வாங்கிக்கோ என்று.
அடிவாரம் வருவதற்குள் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.
நானும் ஞாபகமாய் மறந்திருக்கிறேன்.
நாய்க்கு ஏது டிக்கெட்,
எங்கே எழுதிக் கொடுப்பது பாக்கியை?

சரியாகச் செய்த கணத்தைக் குறிக்க
ஒரு சின்னச் சொல் வேண்டுமாம்,
எப்போதும் அதே சொல், அதே தொனி.
ஒருத்தர் சூப்பர் என்றார், ஒருத்தர் சபாஷ்.
என் வாயில் இருந்தது ஒன்றே ஒன்று.
ரைட்.

அடுப்படியில் ஆரம்பித்தோம்.
மூக்குக்கு மேலே ஈரல், தலை உயர,
பின்பக்கம் தானாகத் தரையில்.
ரைட். துண்டு.
பிறகு வாசல்படியில். பிறகு தெருவிளக்கின் கீழ்.
கறிக்கடைக்கு எதிரே மட்டும்
இரண்டு பேருக்குமே தோல்வி.
இன்று மதியம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில்
"ரைட்" என்று கத்தியதும் கை தானாகப் பைக்குள் போய்
ஒரு காலேஜ் பையனுக்கு மீதிச் சில்லறையை எடுத்து நீட்டியது.
அவன் சந்தேகமாய் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான்.

மூட்டை கட்டியாயிற்று.
ஆறடிக் கயிறு; சங்கிலி பரணுக்குப் போய்விட்டது.
அதன் வாசம் ஏறிய சாக்கு. தண்ணீர்க் கிண்ணம்.
தடுப்பூசி அட்டை.
காலையில் அதற்குப் பாதிச் சோறுதான்.
எனக்கு அதுகூட இறங்காது.

ஞாயிறு, ஆறே முக்கால்.
சொன்னபடி தூரத்திலேயே நிற்கிறோம், மதிலோரம்.
சேர்வராயன் உச்சியில் மேகம் இன்னும் கலையவில்லை.
ஒரு லேப்ரடார் காரிலிருந்து குதிக்கிறது.
அப்புறம் ஒரு சிப்பிப்பாறை, அதன் கயிற்று முனையில்
என்னைவிடப் பயந்துபோன ஒரு பெண்.
பதினொண்ணின் முதுகுமுடி எழுகிறது.
கயிறு விறைக்கிறது.
பேரை ஒரு தடவை சொல்கிறேன்.
பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

காது ஒன்று மடங்குகிறது,
பிறகு முகம்,
என் பக்கம்.

தொண்டையில் சொல் வரவில்லை.
கை மட்டும் வந்துவிட்டது.